அம்மானின் ஓர்லாண்டோ டைம்ஷெயார்: அம்மாவின் பெயருக்கு வராமல் தடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் இருந்த உங்கள் அம்மான் மூன்று மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். கலியாணம் செய்யாதவர், தாய் தகப்பனும் இல்லை, மரணசாசனமும் எழுதவில்லை. உரித்தாளிகள் என்று மிஞ்சுவது கிளிநொச்சியில் இருக்கிற உங்கள் அம்மாவும் ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவும்தான். புளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோவில் அம்மானின் பெயரில் ஒரு டைம்ஷெயார், அதாவது விடுதி வீடொன்றில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் பங்கு, இருக்கிறது. இந்த வருடத்துப் பராமரிப்புக் கட்டணம் 1,180 அமெரிக்க டொலர் என்று பில் வந்திருக்கிறது. பெரியம்மாவின் மகனான உங்கள் அண்ணா, ‘இப்ப கட்டி வைப்பம், பிறகு விற்கலாம்’ என்கிறார். இதற்கிடையில் வட்ஸ்அப்பில் ஒருவர் அழைத்து, வாங்க ஆள் இருக்கிறது, வரிக்காக 3,800 டொலர் முதலில் அனுப்புங்கள் என்கிறார். இதை எப்படி விற்பது என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், ‘அம்மாவுக்குப் பிறகு இந்தப் பில் என்ரை பிள்ளையளுக்கும் வருமோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான். விற்பதைப் பற்றி யோசிக்க வேண்டியவர் ஏற்கெனவே உரிமையாளராக இருப்பவர். உங்கள் அம்மா இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. உரிமையாளராகாமலே விலகிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்குக் காலமும் இருக்கிறது.

வட்ஸ்அப் ஆளுக்கு ஒரு சதமும் அனுப்பவேண்டாம். இதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. உண்மையான விற்பனையில் வாங்குபவரின் பணம் நடுவில் நிற்கும் நிறுவனத்திடம் வரும், செலவுகள் அந்தப் பணத்திலிருந்து கழிக்கப்படும், மிச்சம் விற்பவருக்குப் போகும். விற்பவர் முன்கூட்டியே ‘வரி’ கட்டும் முறை கிடையாது. அதுவும் உங்கள் அம்மாவின் பெயரில் உறுதிப் பத்திரமே இல்லாதபோது அவர் எதை விற்பது? இந்த மோசடி பெரிய அளவில் நடப்பது. மெக்சிக்கோவிலிருந்து இயங்கும் போதைக் கும்பல்களே இதன் பின்னால் இருப்பதாக அமெரிக்கத் திறைசேரியும் எஃப்.பி.ஐ.யும் 2024 யூலையில் எச்சரித்தன. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறத்தாழ 30 கோடி டொலரை இப்படி இழந்ததாக முறையிட்டிருக்கிறார்கள். உங்கள் அம்மானின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பயந்து எழுதியிருந்தீர்கள். புளோரிடாவில் காணிப் பதிவுகள் எவரும் இணையத்தில் பார்க்கக்கூடியவை, அதில் வியப்பில்லை. அழைப்பவர் உண்மையான ஒரு நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் போட்ட கடிதம் அனுப்புவார். முதல் தொகை போனதும் ‘விடுவிப்புக் கட்டணம்’ என்று இன்னொன்று கேட்பார். எல்லாம் முடிந்தபின், ‘நீங்கள் இழந்த காசை மீட்டுத் தருகிறேன்’ என்று ஒரு சட்டத்தரணி வருவார், அவரும் அதே கூட்டம்தான். காசை உண்டியல் மூலமோ கையில் எடுக்கும் பணமாற்று மூலமோ அனுப்பினால் திரும்பி வராது. கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், வங்கிக் கணக்கைக் கவனித்துக்கொண்டிருங்கள். அந்த இலக்கத்தைத் தடைசெய்யுமுன் உரையாடல்களைப் படமெடுத்து வையுங்கள். காசும் போயிருந்தால் அன்றைக்கே வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லவேண்டும்.

இனி டைம்ஷெயார். எங்கள் பக்கத்து உறுதிகளில் ‘பிரிபடாப் பங்கு’, ‘கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் பங்கு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விடுதி வீட்டை வருடத்தின் 52 வாரங்களாகப் பிரித்து, ஒரு வாரத்துக்குரிய பங்கை உறுதியோடு விற்பது டைம்ஷெயாரின் பழைய வடிவம். கிணற்றுப் பங்குக்காரர் பத்து வருடம் தண்ணீர் அள்ளாமல் இருந்தாலும் அவருக்கு ஒருவரும் பில் அனுப்புவதில்லை. இங்கே போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் வரும், வருடாவருடம் கூடும், பெரிய திருத்த வேலை வந்தால் தனியாக இன்னொரு தொகையும் கேட்பார்கள். அதனால்தான் ஆயிரக்கணக்கான டொலருக்கு வாங்கிய வாரங்களை இன்று ஒரு டொலருக்குத் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிறார்கள், அதற்கும் ஆள் வருவதில்லை. ‘பிறகு விற்கலாம்’ என்ற அண்ணாவின் கணக்கு பிழைப்பது இந்த இடத்தில்தான். மூன்றரை லட்சம் ரூபாய் கட்டிக் காப்பாற்றுகிற பொருளின் சந்தை விலை அநேகமாகப் பூச்சியம்.

வேறு வடிவங்களும் உண்டு. உறுதி இல்லாமல் குறித்த வருடங்களுக்குப் பாவிக்கும் உரிமை மட்டும் தருவது ஒன்று, வாரத்துக்குப் பதிலாகப் ‘புள்ளிகள்’ தருவது இன்னொன்று. அம்மானுடையது எது என்று முதலில் பிடிக்கவேண்டும். பத்திரக் கட்டில் ‘வொரண்டி டீட்’ என்ற தலைப்பும் பதிவு இலக்கமும் இருந்தால் அது உறுதி. பத்திரம் கிடைக்காவிட்டால், ஓர்லாண்டோ அடங்கும் ஒரேஞ் கவுண்டியின் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) காணிப் பதிவுகளை வைத்திருக்கும் கொம்ப்ட்ரோலர் அலுவலக இணையத்தளத்தில் அம்மானின் பெயரைப் போட்டுத் தேடலாம், செலவில்லை. விடுதி கிஸிமியில் என்றால் ஒஸியோலா கவுண்டியில் தேடவேண்டும். கனடாவில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடுவதால் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். தேடும்போது வேறு யாராவது பெயர் சேர்ந்திருக்கிறதா, ‘உயிரோடிருப்பவருக்கு உரித்து’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால் முழுப்பங்கும் அந்த மற்ற ஆளுக்கே போய்விட்டது, உங்கள் வீட்டுக்கு இந்த விடயமே இல்லை.

அம்மான் தனியாளாகவே உறுதி வைத்திருந்தார் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். நிச்சயமாகச் சொல்லக்கூடியவை இவை. அசையாச் சொத்துக்கு அது கிடக்கிற இடத்துச் சட்டமே செல்லும், ஆகவே இந்த வாரத்துக்குப் புளோரிடாச் சட்டம். எங்கள் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை இதில் பேசாது. ரொறன்ரோ வங்கிக் காசுக்கு ஒன்ராறியோச் சட்டம். மனைவி, பிள்ளை, பெற்றோர் இல்லாதவரின் சொத்து சகோதரங்களுக்கு என்பதில் இரண்டு சட்டமும் ஒத்துப்போகின்றன. உரித்தாளி என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் இறந்தவரின் கடனுக்குத் தன் கைக்காசிலிருந்து பொறுப்பாவதில்லை, கூட்டாகவோ பிணையாகவோ கையெழுத்து வைத்திருந்தால் தவிர. அம்மான் இருந்த காலத்து நிலுவை அவருடைய சொத்திலிருந்து கொடுக்கப்படவேண்டியது. உங்கள் அம்மாவின் பென்சனிலிருந்து கொடுக்கப்படவேண்டியதல்ல. வருகிற சொத்தை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை ஒவ்வொரு உரித்தாளிக்கும் இருக்கிறது. முழுவதையும் மறுக்கத் தேவையில்லை. வங்கிக் காசை ஏற்றுக்கொண்டு டைம்ஷெயாரை மட்டும் மறுக்கலாம்.

இந்த மறுப்புப் பத்திரத்தை அங்கே ‘டிஸ்கிளெய்மர்’ என்பார்கள். எழுத்தில் இருக்கவேண்டும், எந்தச் சொத்தை மறுக்கிறோம் என்பது உறுதியில் உள்ள விவரப்படியே வரவேண்டும், காணி உறுதிக்குப் போலச் சாட்சிகள் முன் கையெழுத்திட்டு அத்தாட்சி பெறவேண்டும், உரிய ஆளிடம் ஒப்படைக்கவேண்டும், கவுண்டியில் பதியவேண்டும். புளோரிடா உறுதிக்குச் சாட்சிகள் இருவர். ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. அமெரிக்க வரிச் சட்டம் இதற்கு இறந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் என்று எல்லை வைத்திருக்கிறது, சட்டத்தரணிகள் அந்த எல்லைக்குள்ளேயே முடிப்பார்கள். உங்களுக்கு மூன்று மாதம் போய்விட்டது, ஆறு மாதம் இருக்கிறது.

ஆனால் ஏற்றுக்கொண்டபின் மறுக்க முடியாது. எது ஏற்றுக்கொள்வது? அந்த வாரத்தில் போய்த் தங்குவது, அதை வாடகைக்கு விடுவது, புள்ளிகளை மாற்றிப் பாவிப்பது, விடுதி அனுப்பும் ‘உரிமையாளர் விவரம் புதுப்பிக்கும்’ படிவத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைப்பது. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து, ஏனென்றால் அது சும்மா முகவரி மாற்றும் கடதாசி மாதிரித்தான் தெரியும். உரித்தாளி தன் கையிலிருந்து ஒருமுறை பில் கட்டியது மட்டும் ஏற்றதாகுமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் இருப்பது நல்லது. அண்ணாவுக்கு நீங்கள் சொல்லவேண்டியது இதுதான்: எதையும் கட்டத்தான் வேண்டும் என்றால் அம்மானின் எஸ்டேற் (இறந்தவர் விட்டுப்போன சொத்து) கணக்கிலிருந்து, எஸ்டேற்றின் பெயரில், சட்டத்தரணியைக் கேட்டபின் கட்டட்டும். அவருடைய வங்கி அட்டையிலிருந்தோ உங்கள் அம்மாவின் கணக்கிலிருந்தோ வேண்டாம்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது, உங்கள் கடைசி வரிக்குப் பதிலும் அதில்தான். உங்கள் அம்மா மறுத்தால், சட்டம் அவர் அம்மானுக்கு முன்பே இறந்துவிட்டதாக வைத்துக் கணக்குப் பார்க்கும். அப்போது அந்தப் பங்கு அம்மாவின் பிள்ளைகளுக்கு, அதாவது உங்களுக்கும் உங்கள் சகோதரங்களுக்கும் இறங்கும். நீங்கள் மறுத்தால் உங்கள் பிள்ளைகளுக்கு. ஆகவே அம்மா மட்டும் கையெழுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பெரியம்மா, அம்மா, இரண்டு வீட்டிலும் வயதுவந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் மறுக்கவேண்டும். பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பேரப்பிள்ளைகள் தாங்களாகக் கையெழுத்து வைக்க முடியாது, அவர்களுக்காக யார் மறுப்பது, நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்பதைப் புளோரிடாச் சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள். இன்னொன்று: மறுப்பவருக்குத் தன் சொத்தின் பெறுமதியைவிடக் கடன் கூட இருந்தால் புளோரிடாவில் அந்த மறுப்புச் செல்லாது. நுண்கடன், லீசிங் என்று வீட்டில் நிலுவைகள் இருந்தால் வெட்கப்படாமல் அதையும் சட்டத்தரணிக்குச் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சங்கிலி நீளமாக இருப்பதால் இன்னொரு வழியை முதலில் முயற்சிக்கச் சொல்வேன். அம்மானின் சொத்தைப் பொறுப்பெடுப்பவராக, ஒன்ராறியோவில் ‘எஸ்டேற் ட்ரஸ்டி’ என்பார்கள், அண்ணா நியமனம் பெற்றிருந்தால், அவரே விடுதிக்கு எழுதி அந்த வாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். திருப்பி எடுப்பதை ‘டீட்-பாக்’ என்பார்கள். விடுதி இணங்கினால் உரித்தாளிகள் யாரும் தொடாமலே விடயம் முடியும். கடிதத்தில் அம்மானின் பெயர், ஒப்பந்த இலக்கம், இறந்த திகதி, மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, உரித்தாளிகள் இதை ஏற்கப்போவதில்லை என்ற ஒரு வரி, திருப்பி எடுக்க என்னென்ன கடதாசி வேண்டும் என்ற கேள்வி, தொலைபேசியில் அல்லாமல் எழுத்திலேயே பதில் தரவேண்டும் என்ற வேண்டுகோள், இவ்வளவும் போதும். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளட்டும். வாங்கிய கடன் மிச்சம் இருந்தாலோ கட்டணம் நிலுவையில் இருந்தாலோ பெரும்பாலான விடுதிகள் முதலில் அதைத் தீர்க்கச் சொல்லும். சில, புளோரிடா நீதிமன்றத்திலும் தனியாக நிர்வாகத் தத்துவம் எடுக்கச் சொல்லும், அந்தச் செலவு வாரத்தின் விலையை விழுங்கிவிடும். அப்படிக் கேட்டால் அதற்கு மேல் இழுபடாமல் மறுப்புப் பத்திரங்களுக்குத் திரும்புங்கள். விடுதியின் பதிலுக்காகக் காத்திருந்து ஒன்பது மாதத்தைக் கோட்டைவிட்டுவிடக்கூடாது. இறந்து ஆறாம் மாதம் முடியும்போது தெளிவான பதில் இல்லையென்றால் கையெழுத்து வேலையைத் தொடங்குங்கள்.

விடுதி இணங்கிவிட்டால், கையெழுத்து வைத்ததோடு முடிந்ததாக நினைக்கவேண்டாம். புதிய உறுதி கவுண்டியில் பதியப்பட்டதா என்று அதே இணையத்தளத்தில் பார்த்து, பதிவு இலக்கத்தை எழுதிவைத்து, நிலுவை இல்லை என்ற கடிதமும் வாங்கவேண்டும். பதியாமல் மேசை லாச்சிக்குள் கிடக்கிற உறுதியால் அடுத்த தையிலும் பில் வந்துகொண்டிருக்கும்.

ஒருவரும் ஒன்றும் செய்யாமல் விட்டால்? கட்டணம் சேரும், கடைசியில் விடுதிச் சங்கம் அந்த வாரத்தை ஏலத்தில் எடுத்துக்கொள்ளும். புளோரிடாவில் இதற்கென்று நீதிமன்றத்துக்குப் போகாத ஒரு முறை இருக்கிறது. அந்த முறையில் எடுத்தால், ஆட்சேபிக்காத உரிமையாளரிடம் ஏலத்தில் வராத மிச்சத்தைக் கேட்க முடியாது. எந்த முறையை எடுப்பது என்பது சங்கத்தின் விருப்பம், அதனால் இதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அதுவரை அம்மானின் ரொறன்ரோக் காசைப் பங்கிடுவதிலும் கவனம் வேண்டும். தெரிந்த கடனைத் தீர்க்காமல் பங்கிட்டால் அந்த அளவுக்கு அண்ணாதான் சொந்தமாகப் பொறுப்பாகலாம்.

கையெழுத்து வேலை கிளிநொச்சியிலிருந்து எப்படி? பத்திரத்தைப் புளோரிடாவில் உரிமம் உள்ள சட்டத்தரணி எழுதவேண்டும். ஒன்ராறியோச் சட்டத்தரணி அம்மானின் கனடாக் காரியங்களைப் பார்ப்பார், இதை எழுத அவருக்கு அங்கே அதிகாரமில்லை. கட்டணத்தை முழுத்தொகையாக, எத்தனை பேருக்கான பத்திரம் என்பதோடு, எழுத்தில் கேளுங்கள். அத்தாட்சிக்கு இரண்டு வழி. கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தில் நாள் பதிந்து போகலாம், ஒரு முத்திரைக்கு 50 டொலர். கடவுச்சீட்டும் பத்திரமும் வேண்டும், முன்கூட்டியே கையெழுத்து வைக்கக்கூடாது, அதிகாரி முன்னால்தான் வைக்கவேண்டும், சாட்சிகளை நீங்களே கூட்டிப்போகவேண்டும். வெளிநாட்டு நொத்தாரிசின் முத்திரையையும் புளோரிடாச் சட்டம் ஏற்கிறது, ஆகவே கிளிநொச்சியிலேயே ஒரு நொத்தாரிசு முன் செய்ய இடமுண்டு. ஆனால் வாசகம் அவர்கள் கேட்கிற மாதிரி இருக்கவேண்டும், அத்தாட்சி வாசகத்தைச் சட்டத்தரணியே எழுதித் தரட்டும், நொத்தாரிசு அதன் கீழ் முத்திரையிடட்டும். ஏழு எட்டுப் பேர் கையெழுத்து வைக்கவேண்டிய வீட்டுக்கு இதுதான் கட்டுபடியாகும். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதென்றால் தமிழில் வாசித்து விளக்கியபின்தான் கையெழுத்து. விளங்காமல் வைத்த கையெழுத்தைப் பிறகு திருத்த முடியாத பத்திரம் இது.

பெயர்ப் பிரச்சினை வரும், அதை இப்போதே தொடங்குங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொன்று, அம்மான் கனடாவில் கொடுத்த விவரத்தில் வேறொன்று என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். அம்மாவினதும் அம்மானினதும் பிறப்புச் சான்றிதழ்கள் 2009 இடப்பெயர்வில் போய்விட்டதாக எழுதியிருந்தீர்கள். பிறப்புப் பதிந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள், பதிவே அழிந்துபோயிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போகவேண்டிவரும். அதற்கு மாதங்கள் எடுக்கும். மறுப்புப் பத்திரத்துக்கு இவை கட்டாயம் என்றில்லை, ஆனால் அம்மானின் வங்கிக் காசில் அம்மாவுக்குப் பங்கு வர இவைதான் ஆதாரம்.

அம்மானுடையது உறுதி இல்லாத புள்ளி ஒப்பந்தம் என்றால் மேலே சொன்ன பதிவு விடயங்கள் பொருந்தாது. ஒப்பந்தத்தில் உரிமையாளர் இறந்தால் என்ன என்ற பிரிவைத் தேடவேண்டும். சிலவற்றில் முடிந்துவிடும், சிலவற்றில் எஸ்டேற்றுக்குப் போகும். அதைப் பத்திரம் பார்த்துத்தான் சொல்லலாம். எதுவானாலும் கையெழுத்தும் வேண்டாம், பாவிப்பும் வேண்டாம் என்பது மாறாது.

இதை வாசிக்கிற, வெளிநாட்டில் தாங்களே டைம்ஷெயார் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத் தவிக்கிறவர்களுக்கும் சுருக்கமாக: ஒன்ராறியோவிலும் புளோரிடாவிலும் பத்து நாள், பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 நாள், மெக்சிக்கோவில் ஐந்து வேலைநாள், காரணம் சொல்லாமல் எழுத்தில் இரத்துச் செய்யலாம். விற்றவர் ‘இது இரத்தாகாது’ என்று வாயால் சொன்னதற்குப் பெறுமதி இல்லை. அந்த நாட்கள் போய்விட்டால் முதலில் விடுதியிடமே திருப்பி எடுக்கக் கேளுங்கள். முன்பணம் கேட்டு ‘விடுவித்துத் தருகிறோம்’ என்கிற கொம்பனிகள் பல அந்தக் கடிதத்தையே எழுதாமல் காசோடு போய்விடுகின்றன. ஸ்பெயினில் 1999 ஜனவரி 5க்குப் பிறகு கால எல்லை இல்லாமல் எழுதிய ஒப்பந்தம் என்றால் அது செல்லாது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2015 முதல் தீர்த்துவருகிறது, அங்கத்தைய சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவது பலன் தரும்.

இறந்தவரின் கடனைத் தீர்க்காமல் விட்டால் அவருடைய ஆத்மாவுக்குக் குறை என்று அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அம்மான் கைநீட்டி வாங்கிய கடன் எதுவும் இருந்தால் அது அவருடைய காசிலிருந்தே தீர்க்கப்படும். இந்த 1,180 டொலர், அவர் இனிப் போகவே முடியாத ஒரு வாரத்துக்காகக் கேட்கப்படுவது. அதைக் கட்டவேண்டிய கடமை அம்மாவுக்கு இல்லை. இந்தக் கிழமையே அண்ணாவிடம் கேட்கவேண்டியவை மூன்று: எஸ்டேற் ட்ரஸ்டி நியமனம் வந்துவிட்டதா, விடுதிக்கு யாராவது ஏற்கெனவே காசு கட்டியிருக்கிறார்களா, ஏதாவது படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்களா. கடைசி இரண்டில் ஒன்றுக்கு ‘ஓம்’ என்று பதில் வந்தால், அந்தப் பற்றுச்சீட்டையும் படிவத்தின் பிரதியையும் எடுத்து வையுங்கள். புளோரிடாச் சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.